வார்டின் மூன்று முகங்களும் ஒரு ரப்பர்ச் சுவரும்

சிங்கப்பூரில் நான் அதிகமாகத் தொட்டுப் பார்த்த வெள்ளைக்காரர் ஃபிராங்க் டாரிங்டன் வார்ட். தொட்டது அவரை அல்ல, அவர் எழுப்பிய சுவர்களை. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பூச்சு வேலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் துணை ஒப்பந்தக்காரர்களிடம்தான் பெரும்பாலும் சம்பளம் வாங்கினேன். அதனால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டடத்தின் முன்னால் போய் நின்றால் எல்லோரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்ப்பார்கள்; நான் சுவரை உள்ளங்கையால் தடவுவேன். காவலாளிகள் சந்தேகத்தோடு நெருங்கி வருவார்கள். இதற்காகவே என் மனைவி என்னோடு பாடாங் திடல் பக்கம் நடக்க வருவதில்லை.

வார்ட் பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர். 1928 முதல் 1939 வரை அந்த நாற்காலி அவருடையது. கணக்குப் பாருங்கள்: உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது, ரப்பர் விலை விழுந்தது, ஜப்பான் சீனாவுக்குள் நுழைந்தது, அடுத்த போர் வாசலுக்கு வந்தது. இத்தனையும் நடந்த அந்தப் பதினோரு ஆண்டுகளில் இந்தச் சிறிய தீவில் அரசாங்கம் கட்டிய பெரிய கட்டடங்கள் பல அவருடைய மேசையிலிருந்து வந்தவை. கிளிஃபர்ட் பியர் என்ற படகுத்துறை, ஹில் ஸ்திரீட் காவல் நிலையம், காலாங் விமான நிலையம், உச்ச நீதிமன்றம். நான்கையும் ஒரே நாளில் சுற்றிப் பாருங்கள். ஒரே ஆள் கட்டியவை என்று நம்பவே மாட்டீர்கள். ஒன்று கடற்கரைக் கொட்டகை, ஒன்று இத்தாலிய மாளிகை, ஒன்று விமானம்போலவே சிறகு விரித்தது, ஒன்று ரோமாபுரி.

கட்டடக் கலை படித்தவர்கள் இதைப் பாணிகளின் கலவை என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு வேறு எண்ணம் உண்டு. யாருக்கு எந்த முகத்தைக் காட்ட வேண்டும் என்பதில் அந்த அரசாங்கம் மிகத் தெளிவாக இருந்தது. கப்பலிலிருந்து இறங்குகிறவனுக்கு ஒரு முகம், கைவிலங்கோடு வருகிறவனுக்கு ஒரு முகம், விமானத்தில் வருகிறவனுக்கு ஒரு முகம். வார்ட் மூன்றையும் தயங்காமல் வரைந்து கொடுத்தார். அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

எனக்குப் பிடித்தது கிளிஃபர்ட் பியர். 1933 ஜூன் 3 அன்று திறந்தார்கள். அங்கே அதற்கு முன்பு ஜான்ஸ்டன் பியர் இருந்தது. பழைய பெயரையே வைத்திருக்கலாமே என்று வணிகர்கள் முணுமுணுத்தார்கள். முன்னாள் ஆளுநர் ஹியூ கிளிஃபர்டின் பெயர்தான் நிலைத்தது. சீனர்கள் இரண்டு பெயரையும் கண்டுகொள்ளவில்லை. படகுக்காரர்களுக்கு அடையாளமாகத் தொங்கிய சிவப்பு விளக்கை வைத்து 'சிவப்பு விளக்குத் துறை' என்றே கடைசிவரை சொன்னார்கள். உள்ளே போய் நடுவில் நின்று மேலே பாருங்கள். இதற்கு மட்டும் நானும் மேலே பார்ப்பேன். வில்போல வளைந்த கான்கிரீட் சட்டங்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுகின்றன. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மூட்டை முடிச்சோடு நூறு பேர் ஒரே நேரத்தில் படகிலிருந்து ஏறி வந்தாலும் யாரும் எதிலும் முட்டிக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சட்டங்களின்மேல் கல் வேடம் எதுவும் போடவில்லை. கான்கிரீட் என்ன வேலை செய்கிறது என்பது கான்கிரீட்டிலேயே தெரிகிறது. இப்போது அது ஓர் ஆடம்பர ஹோட்டலின் பகுதி. 2006-ல் படகுகளை மரினா சவுத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு தேநீர் குடிக்க என் ஓய்வூதியக் கணக்கு இடம் கொடுக்காது. கூரையைப் பார்ப்பதற்கு யாரும் பணம் கேட்பதில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1934-ல், ஹில் ஸ்திரீட் காவல் நிலையம். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆறு மாடி, கனமான வளைவுகள், மொத்தம் 927 சன்னல்கள். காவலர் குடும்பங்களும் உள்ளேயே குடியிருந்தன. இப்போது கலாசார, சமூக, இளையர் துறை அமைச்சு அங்கே இருக்கிறது. சன்னல் கதவுகளுக்கு வானவில் வண்ணம் அடித்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் திருமண உடையில் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கைதிகளை மிரட்டுவதற்காக எழுப்பிய முகப்பு, பாவம்.

காலாங்குக்கு வருவோம். 1930களின் தொடக்கத்தில் காலாங் ஆற்றின் முகத்துவாரம் வெறும் அலையாத்திச் சேறு. அதைத் தூர்த்து நிலமாக்கி, விமானம் இறங்க வட்டமான புல்வெளி அமைத்தார்கள். வட்டம் ஏன் என்றால், அந்தக் காலத்து விமானங்கள் இலேசானவை; காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதை எதிர்கொண்டு இறங்க வேண்டும். வட்டமாக இருந்தால் எந்தத் திசையிலிருந்தும் இறங்கலாம். பக்கத்திலேயே கடல் இருந்ததால் நீரில் இறங்கும் விமானங்களையும் அதே நிலையத்தில் வரவேற்க முடிந்தது. 1937 ஜூன் 12 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்துவைத்தார். சில நாட்களுக்குள்ளேயே விமானி அமேலியா இயர்ஹார்ட் வந்து இறங்கிப் போனார். அடுத்த மாதத் தொடக்கத்தில் பசிபிக் கடலுக்கு மேலே அவர் காணாமல் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்த முனையக் கட்டடம் இன்றும் இருக்கிறது. நடுவில் உருளை வடிவக் கண்ணாடிக் கோபுரம். அங்கிருந்துதான் விமானங்களுக்கு வழி சொன்னார்கள். இரண்டு பக்கமும் நீண்ட மாடங்கள். மாடங்களின் ஓரங்கள் கூர்மையாக முடியாமல் வளைந்து திரும்புகின்றன. தாங்குவதற்குக் கீழே எதுவும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் தளங்கள். வழியனுப்ப வந்தவர்கள் அங்கே நின்று கையசைத்திருப்பார்கள். இந்தக் கட்டடத்தில் வார்ட் கடந்த காலத்திலிருந்து எதையும் கடன் வாங்கவில்லை. ரோமர்களிடம் விமானம் இல்லை, அதனால் அவர்களிடம் கேட்க ஒன்றுமில்லை. 1955-ல் விமானங்கள் பாய லேபாருக்குப் போய்விட்டன. பிறகு அரை நூற்றாண்டு மக்கள் கழகம் அங்கே குடியிருந்தது. இன்று 'ஓல்ட் ஏர்போர்ட் ரோடு' என்றால் பாதிப் பேருக்கு உணவங்காடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதில் தவறில்லை, அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு அப்படியே அந்தக் கோபுரத்தையும் எட்டிப் பார்த்தால் நல்லது.

இப்படி ஒரு கட்டடம் கட்டியவர், அதே ஆண்டில், பாடாங் ஓரத்தில் என்ன தொடங்கினார் தெரியுமா? கொரிந்தியத் தூண்களும் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை நினைவூட்டும் செப்புக் குவிமாடமும் கொண்ட உச்ச நீதிமன்றம். 1937 ஏப்ரல் 1 அன்று அடிக்கல். அதற்கு முந்தைய நாளின் செய்தித்தாள்களையும் நாணயங்களையும் அடிக்கல்லுக்குக் கீழே புதைத்து, 3000-ஆம் ஆண்டில் திறக்க வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் இங்கேயே இருக்கப் போகிறோம் என்ற நினைப்பு. 1939 ஆகஸ்ட் 3 அன்று கட்டடத்தைத் திறந்தார்கள். ஒரு மாதத்தில் ஐரோப்பாவில் போர். மூன்று ஆண்டுக்குள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில்.

நீதிமன்றத் தூண்களைத் தொட்டுப் பார்த்துத்தான் நான் வார்டைப் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். அவை கல் அல்ல. பக்கத்தில் 1929-ல் கட்டிய நகர மண்டபத்தின் தூண்களும் கல் அல்ல. இரண்டையும் செய்தவர் ரொடால்ஃபோ நோலி என்ற இத்தாலியர். பாங்காக்கில் வேலை செய்துவிட்டு 1921-ல் இங்கே வந்தவர். சிமெண்டோடு கல் துகள் சேர்த்து, அச்சில் வார்த்து, கருங்கல் என்று கண்ணை ஏமாற்றும் செயற்கைக் கல்லைச் செய்வதில் அவர் மன்னன். அந்தக் காலத்தில் இங்கே ஒரு கட்டடத்துக்கு கம்பீரம் வேண்டும் என்றால் நோலியைக் கூப்பிட்டார்கள். எல்ஜின் பாலத்தின் விளக்குக் கம்பங்களில் இருக்கும் சிங்கங்களும் அவருடைய வேலைதான். போர் வந்ததும் அதே அரசாங்கம் அவரை எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து ஆஸ்திரேலியாவில் அடைத்து வைத்தது. போர் முடிந்த பிறகு திரும்பி வந்து மறுபடியும் வேலையைப் பார்த்தார்.

நீதிமன்ற முகப்பின் முக்கோணத்தில் நீதிதேவி இருக்கிறாள். 2.7 மீட்டர் உயரம், ஏறக்குறைய 4 டன் எடை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு காளை. இரண்டு குழந்தைகள் கோதுமைக் கதிர்களைப் பிடித்திருக்கிறார்கள், வளத்துக்கு அடையாளமாக. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். இந்தத் தீவில் எந்தக் காலத்தில் கோதுமை விளைந்தது? மிளகு விளைந்தது, கேம்பியர் விளைந்தது, அன்னாசி விளைந்தது, ரப்பர் விளைந்தது. நியாயம் கேட்டு உள்ளே போகிறவன் தன் ஊர்ப் பயிர் ஒன்றையாவது மேலே பார்க்கக் கூடாதா? வார்டின் கட்டடங்களில் எனக்கு ஒட்டாதது இதுதான். வேலைப்பாடு அபாரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். தூண்களின் உச்சியில் இருக்கும் இலை மடிப்புகளை இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்; வார்த்த கை நடுங்கவே இல்லை. ஆனால் நான்கு ஆண்டுக்கு முன்பு பியரில் கான்கிரீட்டை அதன் சொந்த முகத்தோடு நிறுத்தியவரே, இங்கே அதே சிமெண்டுக்கு ரோமானிய உடுப்பு மாட்டிவிட்டார். இன்று அது தேசிய கலைக்கூடம். உள்ளே ஓவியங்கள் தொங்குவதால் அந்த வேடத்துக்கும் ஒரு பொருத்தம் வந்துவிட்டது.

ஊர்ப் பயிர் வேண்டும் என்றால் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். அது வார்ட் கட்டியது அல்ல. ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் பெட்ரோவிச் வரைந்தது. 1923-ல் ஜோகூர் பாலத்தில் சரக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் மலாயாவின் தண்டவாளம் சிங்கப்பூரோடு நேராக இணைந்துவிட்டது. டேங்க் ரோட்டில் முடிந்துகொண்டிருந்த பழைய பாதையைத் திருப்பி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, புதிய நிலையத்தை 1932 மே 2 அன்று ஆளுநர் சிசில் கிளெமென்டி திறந்தார். முகப்பில் நான்கு வெள்ளைப் பளிங்கு உருவங்கள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். கீழே எஃப், எம், எஸ், ஆர் என்று ஆளுக்கு ஓர் எழுத்து, ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு. இவை செயற்கைக் கல் அல்ல. அசல் பளிங்கு, பிளாரன்ஸ் நகரப் பட்டறையில் செதுக்கி வரவழைத்தவை. நோலி செய்தவை என்று பலர் எழுதுகிறார்கள். தொழில் செய்தவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்.

என்னை அங்கே இழுத்தது உள்ளே இருக்கும் கூடம். உயரமான வளைந்த கூரை. இரண்டு பக்கச் சுவர்களிலும் பெரிய படங்கள். நெல் நடுகிறார்கள், மாட்டு வண்டி போகிறது, தேங்காய் பறிக்கிறார்கள், ஈயம் தோண்டுகிறார்கள், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரோவியம் என்றோ மொசைக் என்றோ தோன்றும். கிட்டே போனால்தான் தெரியும், அவை ரப்பரால் செய்த ஓடுகள். சிங்கப்பூரிலேயே இருந்த ஒரு ரப்பர்த் தொழிற்சாலை செய்து கொடுத்தது. ரப்பர் வெட்டுகிறவனின் படத்தை ரப்பரிலேயே செய்திருக்கிறார்கள். மலாயா விற்கும் சரக்கை மலாயாவின் வாசலிலேயே ஒட்டிவைத்த விளம்பரம் அது.

அந்தப் படம் திறக்கப்பட்ட ஆண்டை மறுபடியும் பாருங்கள். 1932. ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த ஆண்டு. தோட்டங்களுக்கு ஆள் வேண்டாம் என்று 1930-லேயே தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். இங்கே சுவரில் ஒருவன் கச்சிதமாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் உண்மையில் பால் வெட்டியவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி ஏது, துணி மூட்டைதான். என் தாத்தா அப்போது திருப்பி அனுப்பப்படாமல் தப்பியவர், தோட்டத்தில் இல்லாமல் தண்டவாளப் பராமரிப்புக் கும்பலில் இருந்த காரணத்தால். ரயில் ஓட வேண்டுமே. அவருக்கு மேலே கணக்கெழுதியவர்களும் நிலைய அதிகாரிகளும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். மலாயா ரயில்வேயில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. தண்டவாளத்தில் சுத்தியல் பிடித்தவனும் தமிழன், அவன் வருகையைப் பதிந்தவனும் தமிழன். இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதாகத் தாத்தா ஒருபோதும் சொன்னதில்லை. அதே 1932-ல் ரயில்வேக் குடும்பங்கள் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தருகே முனியாண்டிக்கு ஒரு சிறிய கோயில் தொடங்கின. இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிதாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலின் ஆரம்பம் அதுதான். பெட்ரோவிச்சின் நிலையத்தில் ரயில் நின்று போய்ப் பல ஆண்டாகிறது. முனீஸ்வரனுக்குக் கூட்டம் குறையவில்லை.

நிலையம் 2011 ஜூன் 30 இரவோடு மூடப்பட்டது. கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அதுவரை அந்த நிலையமும் தண்டவாள நிலமும் மலேசியாவின் கையில் இருந்தன. கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலேசியாவின் குடிநுழைவுச் சோதனை அங்கேயும் சிங்கப்பூரின் சோதனை எல்லையோரத்து உட்லண்ட்ஸிலும் நடந்தன. அதாவது சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்துவிடுவோம். மேடையோரத்தில் இந்திய முஸ்லிம் கடையில் பரோட்டா சாப்பிட்டபடி, நாம் இப்போது எந்த நாட்டில் இருக்கிறோம் என்று நண்பர்கள் வாதாடியது உண்டு. மூடும் முன்பே தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டதால் கட்டடம் தப்பியது. அடியில் எம்ஆர்டி நகர ரயிலுக்கு நிலையம் கட்டியிருக்கிறார்கள்.

தியோங் பாருவைச் சொல்லாமல் விட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 1936 கடைசியிலிருந்து 1941 வரை கட்டிய குடியிருப்பு. மொத்தம் 784 வீடுகள். வளைந்த மூலைகள், கிடைக்கோட்டில் ஓடும் மாடங்கள், சுருள் படிக்கட்டுகள். விமானத்தைப்போல இருப்பதாகச் சொல்லிச் சீனர்கள் 'விமான வீடுகள்' என்றார்கள். குதிரை லாட வடிவத்தில் இருக்கும் ஒரு கட்டடத்தின் அடியில் விமானத் தாக்குதலுக்கு ஒதுங்கும் இடமும் வைத்துக் கட்டினார்கள். அழகான இடம்தான். இன்று அங்கே ஒரு ரொட்டித் துண்டின் விலையைக் கேட்டால் மாடத்தின் வளைவு மறந்துவிடும். 1939 அக்டோபரில் திறந்த கேத்தே கட்டடம் அன்றைக்குச் சிங்கப்பூரின் மிக உயரமான கட்டடம்; குளிரூட்டிய திரையரங்கும் அதில் இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது முகப்பு மட்டும்; பின்னால் எல்லாம் புதியது. முகப்பை மட்டும் காப்பாற்றுவதைப் பற்றி என் கருத்தை எழுதினால் பழைய முதலாளிகள் சிலர் பேச மாட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

இனி என் தொழில். அந்தக் காலத்துக் கடைவீடுகளில் முகப்பின் நெற்றியில் கட்டிய ஆண்டை எழுதியிருப்பார்கள்: 1929, 1935, 1939. ஜாலான் புசார், கேலாங், சவுத் பிரிட்ஜ் ரோடு எங்கும் பார்க்கலாம். அவற்றில் பலவற்றின் மேல் சாம்பல் நிறத்திலோ இளமஞ்சளிலோ கல்போல ஒரு மேற்பரப்பு இருக்கும். அதுதான் ஷாங்காய்ப் பூச்சு. ஷாங்காயிலிருந்து வந்த கொத்தனார்கள் இங்கே பரப்பியது என்பதால் அந்தப் பெயர். முதலில் சிமெண்டும் மணலும் சேர்த்து அடிப்பூச்சு. காய்ந்த பின் கல் இடைவெளிபோலத் தெரிவதற்கு மெல்லிய மரச்சட்டங்களைச் சுவரில் பதிப்பார்கள். அதன்மேல் சிமெண்டோடு பொடி கருங்கல் சல்லியைக் கலந்து இரண்டாம் பூச்சு. அது பாதி இறுகும் நேரத்தில் ஈரத் தூரிகையால் மேல் சிமெண்டை மட்டும் கழுவி எடுத்தால் உள்ளே இருக்கும் சல்லிகள் கண் விழிக்கும். இன்னொரு வகையில், முழுதும் இறுகவிட்டு உளியால் கொத்துவார்கள்.

கழுவும் நேரம்தான் வித்தை. முந்திக் கழுவினால் சல்லி உதிரும். பிந்தினால் சிமெண்ட் விடாது. வெயில், காற்று, சுவர் கிழக்கு பார்த்ததா மேற்கு பார்த்ததா என்பதெல்லாம் கணக்கு. எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு கேன்டனீஸ் முதியவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி சந்தை மலாய். சுவரைக் கட்டை விரலால் அழுத்துவார், "துங்கு" என்பார். பொறு என்று அர்த்தம். மறுபடி அழுத்துவார், மறுபடி "துங்கு". பிறகு திடீரென்று நாலு பேரையும் விரட்டித் தூரிகை எடுக்கச் சொல்வார். ஏன் இப்போது என்று கேட்டால் விரலைக் காட்டுவார். வேறு விளக்கம் அவரிடமிருந்து வந்ததே இல்லை.

அந்த முதியவருக்குச் சின்ன வயதில் சாந்து சுமந்து கொடுத்தவர்கள் பெண்கள். சீனாவிலிருந்து வந்த, சிவப்புத் தலைத்துணி கட்டிய சம்சுயி பெண்கள். அவர்கள் இத்தனை பேர் கட்டட வேலைக்கு வந்ததற்கும் ஒரு சட்டம் காரணம். மந்தம் வந்ததும் 1933-ல் அந்நியர் சட்டம் கொண்டுவந்து சீன ஆண்கள் வருவதற்கு வரம்பு கட்டினார்கள். பெண்களுக்கு வரம்பு வைக்க மறந்தார்களோ, வேண்டாம் என்று விட்டார்களோ, பெண்கள் வந்தார்கள். கல்லும் மண்ணும் சாந்தும் காவடியில் சுமந்தார்கள். 1930களின் பிற்பகுதியில் இந்தத் தீவில் எழுந்த சுவர்களைப் பார்க்கும்போது அவர்கள் தோளையும் நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பூச்சின்மேல் பெயின்ட் அடிக்கிறார்கள். இதுதான் என் நெடுநாள் வயிற்றெரிச்சல். ஷாங்காய்ப் பூச்சுக்கு நிறம் உள்ளேயே இருக்கிறது, சல்லியின் நிறம். அதற்குப் பெயின்ட் தேவையே இல்லை. அடித்தால் சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சை அடியிலிருந்து உப்பவைக்கும். ஒரு வேலையில் நாங்கள் வாரக் கணக்கில் பசை தடவி, உரித்து, பல் தூரிகையால் தேய்த்துப் பழைய சல்லியை வெளியே கொண்டுவந்தோம். கட்டடத்தின் பெயரும் உரிமையாளரின் பெயரும் இங்கே வேண்டாம். ஒப்படைத்து ஓராண்டு ஆகவில்லை. அந்தப் பக்கம் போனால் தூண் முழுக்கக் கிரீம் நிறம். நிறுவனத்தின் வண்ணம் அதுவாம்.

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் தன் கடைவீட்டைப் பார்க்க அழைத்தார். நெற்றியில் 1938 என்று எழுதிய வீடு. அருமையான சாம்பல் பூச்சு. இரண்டு இடத்தில் மட்டும் விரிசல். சல்லியின் அளவையும் நிறத்தையும் பொருத்தி ஒட்டுப் போட்டால் போதும், பெயின்ட் பக்கமே போகாதீர்கள் என்றேன். "அண்ணே, அப்படியே விட்டால் வெள்ளையடிக்கக் காசில்லாத கடை என்று நினைத்துக்கொள்வார்களே" என்றார். மழை பெய்து ஓய்ந்ததும் வெளியே கூட்டிப் போய்க் காட்டினேன். நனைந்த சுவரில் கறுப்பும் வெள்ளையும் லேசான பச்சையுமாகச் சல்லிகள் மின்னின. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தம்பியைக் கூப்பிட்டு அவனையும் பார்க்கச் சொன்னார். கடைசியில் பேரம் இப்படி முடிந்தது: மேல் மாடியைத் தொட மாட்டார், ஐந்தடி நடைபாதைத் தூண்கள் இரண்டுக்கு மட்டும் அவருக்குப் பிடித்த நீலம். ஒட்டுப் போடும் வேலையை என் பழைய ஆட்கள் அடுத்த வாரம் தொடங்குகிறார்கள். அந்த இரண்டு தூண்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.